கட்டம் போட்ட வாலுடன் ஒரு போர் விமானம்

விமானத்தின் வாலை ஒரு பசு தின்றுகொண்டிருந்தது.

அதற்கு அவசரம் எதுவும் இல்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பந்தியில் பாயசம் வரும் வரை எழுந்திருக்காதவர் மாதிரி நிதானமாக மென்றது. வாலின் மேல்பாதி போயே போய்விட்டது. உள்ளே கட்டியிருந்த மூங்கில் பிளாச்சுகள் மட்டும் நின்றன. பசுவின் கடைவாயில் ஒரு முழம் வெள்ளைத் துணி தொங்கியது. அது நான் நெய்த துணி.

நான் போட்ட கூச்சலில் எதிர்ச்சாரியில் ஓடிக்கொண்டிருந்த தறிகளெல்லாம் நின்றுவிட்டன. துணியின் ஒரு முனையைப் பிடித்து நான் இழுத்தேன். மறுமுனையை அது விடவில்லை. துணி கிழியவில்லை, என் நெசவு லேசில் கிழியாது. கடைசியில் பசுதான் விட்டுக்கொடுத்தது. ஆனால் கைக்கு வந்ததை விமானத்துக்கு என்ன, கரித்துணிக்குக்கூட வைத்துக்கொள்ள முடியாது.

எங்கள் வீட்டை ஒட்டின காலி மனையில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் வீட்டுக்காரரின் மெக்கானிக் பட்டறை. உள்ளேயிருந்து கையில் ஸ்பேனரோடு ஓடிவந்தார். பசுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார்.

"இன்னாமே, வாலு எங்க?"

"மாடு துண்ணுடுச்சு."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என் தங்கையின் கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த விமானம் வந்தே ஆக வேண்டும்.

திறந்த கார்

சில வாரங்களாக இந்தத் தொடரில் நான் தறியை விட்டு எழுந்திருக்காமலே எழுதிக்கொண்டிருக்கிறேன். பாவு ஓட்டியது, நூலுக்கு அலைந்தது, மழையில் நனைந்தது என்று. அதைப் படித்துவிட்டு என் தங்கை புஷ்பா நகரியிலிருந்து போன் செய்தாள்.

"இன்னாக்கா, உன் தறியப் பத்தியே எழுதிக்கினு கீற? என் ப்ளேன எப்போ எழுதுவ?"

"அது என் ப்ளேன்டி."

"ஆங், கல்யாணம் யாருக்கு நடந்துது? உனக்கா?"

இந்த வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. அந்த விமானத்தைச் செய்தது எங்கள் வீட்டுக்காரர் என்றுதான் திருத்தணி முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். அதன் மேல்தோல் முழுவதும் நான் நெய்தது, அதன் அளவு முழுவதும் நான் போட்டது. நானே எழுதுகிற இடத்தில் இதைச் சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்வேன்?

மிசா காலத்துக்கு ஒரு வருஷம் முன்னே இருக்கும், அல்லது பின்னே. எங்கள் வீட்டில் பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. அப்பாவை நைனா என்போம். அம்மா போன பிறகு நைனாவும் நானும் புஷ்பாவும் இரண்டு தறியில் ஓட்டினோம். என்னை யாரும் பெண் பார்க்க வந்ததில்லை. அரக்கோணத்து மாமன் மகன் பிறந்ததிலிருந்து பார்த்த முகம். அவரைக் கட்டிக்கொண்டு, அவரையும் திருத்தணிக்கே கூட்டிவந்துவிட்டேன்.

புஷ்பாவுக்கு அப்படி மாமன் மகன் மிச்சமில்லை. அவள் நல்ல கறுப்பு. நானும் அதே கறுப்புதான், ஆனால் என்னை யாரும் தட்டோடு நிற்கவைத்துப் பார்க்கவில்லையே. அவளைப் பார்க்க முதலில் வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி. இரண்டாவதாக வந்த வீட்டம்மாள் தெருவில் இறங்கியதும், எங்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்: "பொண்ணு நல்லாத்தான் கீது. வெளிச்சம்தான் கம்மி."

அன்று ராத்திரி புஷ்பா சாப்பிடவில்லை. "இன்னும் ஒரே ஒரு தரம்தான்கா. அதுவும் போச்சுன்னா இனிமே என்னை யாரும் பாக்க வரக்கூடாது. நான் வந்து நிக்க மாட்டேன்," என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

மூன்றாவது வந்தது எல்லை தாண்டி ஆந்திராவில் இருக்கிற நகரி வரன். மாப்பிள்ளை சேகர், பவர்லூம் கொட்டகையில் வேலை. வாய் திறக்காத பையன். அப்பா இல்லாத அவனை வளர்த்தது அவனுடைய பெரியப்பா. அவர்கள் வீட்டு வழக்கப்படி எல்லாரும் அவரைப் பெத்தநைனா என்றே கூப்பிட்டார்கள். சேகர் புஷ்பாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான், உடனே சரி என்று தலையாட்டிவிட்டான். பெத்தநைனா சீர் கேட்கவில்லை, செனத்தி கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்க தெருவுல எந்தப் பையனும் நடந்து போயி பொண்ணு கட்டினதில்லீங்க. மாப்பிள்ளை அழைப்புக்குத் தொறந்த காரு வரணும்."

"ஆங், அதுக்கின்னாங்க, வந்துடும்," என்றார் நைனா.

யாரையும் கேட்காமல், யோசிக்காமல் சொல்லிவிட்டார். பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்ட சந்தோஷத்தில் அவர் அன்றைக்கு ரயிலே வேண்டும் என்றாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஊரில் ஊர்வலத்துக்கு விடுகிற திறந்த கார் ஒன்றே ஒன்று, ஒரு அரிசி மில்காரருடையது. அதே முகூர்த்தத்தில் அவர் வீட்டிலேயே கல்யாணம். அரக்கோணத்தில் விசாரித்தோம், அங்கே இருந்ததையும் யாரோ முந்திக்கொண்டார்கள். செய்தி எப்படியோ நகரிக்குப் போய்விட்டது. பெத்தநைனா ஆள் அனுப்பினார்: கார் கிடைக்காவிட்டால் தேதியைத் தள்ளி வைத்துக்கொள்ளலாமாம்.

கல்யாணத் தேதியைத் தள்ளி வைத்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். புஷ்பா தறியில் உட்கார்ந்து அடித்த அடியில் அன்றைக்கு நூல் அறுந்துகொண்டே இருந்தது.

நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறாமல், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"காரு இன்னா மாமா காரு. நான் ப்ளேனே கொண்டாறேன்."

தீப்பெட்டியிலிருந்து வந்தது

அவருக்கு விமானப் பைத்தியம் சின்ன வயசிலிருந்தே உண்டு. அரக்கோணத்தில் யுத்தகாலத்து விமானத்தளம் இருக்கிறது அல்லவா, அதன் வேலி ஓரமாக மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தே வளர்ந்தவர். மாடு மேய்க்கப் போய் மாட்டைத் தொலைத்துவிட்டு வந்த கதைகள் என் மாமியாரிடம் நிறைய உண்டு.

பட்டறையில் அவருக்குக் கூட்டாளி கரீம் பாய். வெல்டிங் அவர் வேலை. தாடிக்குள் சிரிப்பை ஒளித்துவைத்துக்கொண்டு பேசுகிற மனிதர். ராணுவத்தில் கழித்துப் போட்ட ஒரு மோட்டார் பைக்கைப் பாய் வாங்கி வைத்திருந்தார். அதன் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு ஒரு சைடுகார் வந்தது. சைடுகார் என்று சொல்லக்கூடாது, ஒரு சக்கரமும் நாலு துருப்பிடித்த கம்பியும். அடித்தளம் இற்றுப்போய், உட்கார்ந்தால் நேரே ரோட்டில்தான் உட்கார வேண்டும்.

"இதுமேல கட்டலாம் பாய்," என்றார் இவர்.

"இன்னாத்த?"

இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் காட்டினார். லேபிளில் அந்தக்காலத்துப் போர் விமானம். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, மூக்கில் விசிறி, விசிறிக்குப் பின்னால் இரண்டு துப்பாக்கி, நடுவில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு துரை. பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல இடது பக்கம் மட்டும்தான கீது? வலது பக்கம் எப்படி இருக்கும்னு எப்படித் தெரியும்?"

"வலது பக்கம் பைக்கு இருக்குது பாய்."

அந்தப் பதிலில் பாய் விழுந்துவிட்டார்.

ஆனால் விரல் அகலப் படத்தை ஆள் உட்கார்கிற அளவுக்குப் பெரிதாக்குவது எப்படி? இருவரும் சாக்பீஸால் தரையில் வரைந்து வரைந்து அழித்தார்கள். ஒரு தரம் வந்தது வாத்து. இன்னொரு தரம் வந்தது பூசணிக்காய். நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய் அதன் மேல் ஊசியால் கட்டம் கீறினேன். புடவைக் கரைக்குப் பூப்போடும்போது எங்களுக்கு அது பழக்கம்தான். சின்னக் கட்டத்தில் எது எங்கே விழுகிறதோ, அது பெரிய கட்டத்திலும் அங்கேயே விழ வேண்டும். பட்டறைத் தரையில் நூல் பிடித்துப் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொன்றாக வரைந்து முடித்தேன். எழுந்து நின்று பார்த்தால் தரையில் நிஜமான விமானம் படுத்திருந்தது.

பாய் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். பிறகு, "தங்கச்சி, இனிமே நீ சொல்றபடி நான் வெல்டு வெக்கறேன்," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன், இன்றைக்கும் நினைத்தால் குளிர்கிறது.

அப்புறம் வேலை பறந்தது. இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு, அதன் மேல் மூங்கில் பிளாச்சு. எங்கள் பழைய தறியின் மிதிக்கட்டையைச் செதுக்கி மூக்கு விசிறி. வண்டி ஓடினால் காற்றுக்குத் தானே சுற்றும். இறக்கையை மட்டும் பாதியோடு நிறுத்தினோம். முழு இறக்கை வைத்தால் எங்கள் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளை இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். துப்பாக்கிக்கு, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற இரண்டு பழைய கைபம்புகள். கறுப்புப் பெயின்ட் அடித்து, கம்பிப் பட்டையில் திருகி வைத்ததும் பார்க்கவே பயமாக இருந்தது.

"கல்யாண வண்டிக்குத் துப்பாக்கி எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"படத்துல கீதே," என்றார். படத்தில் இருப்பதில் ஒன்றை விட்டாலும் அவருக்குத் தூக்கம் வராது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு அந்த விமானத்தை கே.ஜி.கண்டிகை, கனகம்மாசத்திரம் என்று சுற்றுப்பட்டில் எத்தனையோ கல்யாணத்துக்கு வந்து கேட்டு எடுத்துப்போனார்கள். ஒல்லியான மாப்பிள்ளைகளுக்கு அது எடுப்பாக இருக்கும். தொப்பை உள்ளவர்கள் ஏறும்போது சுலபமாக ஏறிவிடுவார்கள், இறக்குவதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும். ஒரு மாப்பிள்ளை தாலி கட்ட நேரமாகியும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு கிடந்தார். அதெல்லாம் பின்னால் நடந்தவை.

கஞ்சி

மேல்தோலுக்குத் தகரம் அடிக்கலாம் என்றார் பாய். கனம் தாங்காது, வண்டி ஒரு பக்கமாகச் சாயும். அந்தக் காலத்து விமானத்துக்கே துணிதான் போர்த்தியிருப்பார்களாம், எங்கள் வீட்டுக்காரர் எங்கேயோ கேட்டிருக்கிறார். துணி என்று காதில் விழுந்ததும் நான் தறியில் ஏறிவிட்டேன். இரட்டை நூல் போட்டு, பலகையை ஓங்கி ஓங்கி அடித்து நெய்தேன். உள்ளே தண்ணீர் ஊற்றினால் நிற்கிற நெசவு.

துணி விறைப்பாக நிற்க வார்னிஷ் அடிக்க வேண்டும் என்று அவர் அரக்கோணத்திலிருந்து ஒரு டின் வாங்கிவந்தார். நைனாவுக்கு வந்ததே கோபம்.

"துணிய வெறைக்க வெக்கறதுக்கு நமக்கு எவனோ டின்னுல அடைச்சிக் குடுக்கணுமா? அரிசி இல்லியா வூட்ல? அடுப்பு இல்லியா?"

நானும் நைனா கட்சிதான். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்குப் போடுகிற அதே அரிசிக் கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சி, பாவுக்கு நீவுகிற அதே பிரஷ்ஷால் நீவினோம். வெயிலில் காய்ந்ததும் விரலால் சுண்டினால் தவில் மாதிரிச் சத்தம் வந்தது. தெருவே வந்து ஆளுக்கொரு தரம் சுண்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம் பசு வந்தது.

நெசவாளி வீட்டைத் தவிர வேறெங்கும் இப்படி ஒரு தப்பு நடந்திருக்காது. சோற்றுக் கஞ்சி தடவின விமானத்தைத் திறந்த கொட்டகையில் நிறுத்திவிட்டு, மாடு ஏன் வந்தது என்று கேட்டால் மாடு என்ன சொல்லும்? ஆனாலும் சொல்கிறேன், விறைப்பில் எந்தக் குறையும் இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் மண்ணிலிருந்து எழுந்தார். உள்ளே போய் வார்னிஷ் டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வார்னிஷ் இருந்தது, துணி இல்லை. நான் நெய்தது அத்தனையும் உடம்புக்கும் இறக்கைக்கும் போய்விட்டது. தறியில் வேறு பாவு ஏறியிருந்தது. புதிதாகப் பாவு பூட்டி நெய்ய நாள் கிடையாது. புஷ்பா வாசற்படியில் நின்று வாலில்லாத விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "வுடுக்கா. அவ்ளோதான்," என்றாள்.

கரீம் பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். திரும்பிவரும்போது கையில் மடிப்புக் கலையாத ஒரு புது லுங்கி. ஊதாவும் வெள்ளையும் கட்டம் போட்டது.

"பெருநாளைக்குக் கட்டலாம்னு வெச்சினு இருந்தேன். நெருக்கமான நெசவு தங்கச்சி. பாரு, ஆவுமா?"

தொட்டுப் பார்த்தேன். ஆகும். "பாய், பெருநாளைக்கு இன்னா கட்டுவீங்க?" என்றேன். "போன வருசத்து லுங்கி இன்னா கோச்சிக்கவா போவுது?" என்றார்.

இந்தத் தடவை மிச்சமிருந்த கஞ்சியில் பாய் சொன்னபடி மயில்துத்தம் கலந்தோம். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் போடுவது, மாடும் வாய் வைக்காது. அதன் மேல் வார்னிஷும் அடித்தோம். உடம்புக்குப் பச்சைப் பெயின்ட். வாலுக்கும் பச்சை அடித்துப் பார்த்தோம், எத்தனை தரம் அடித்தாலும் ஊதாக் கட்டம் அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மலையடிவாரத்தில்

எங்கள் ஊரில் புது வண்டி எதுவானாலும் முதலில் மலையடிவாரத்துக்கு வந்து பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் அப்புறம் ஓடும். மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் விமானத்தை அடிவாரத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தினோம். நாதஸ்வரம் தயார், பெட்ரோமாக்ஸ் விளக்குகள் தயார். நகரிக்காரர்கள் சத்திரத்திலிருந்து சேகரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் பட்டுப்புடவையில் வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தேன்.

பெத்தநைனா விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"காருன்னு சொன்னீங்க."

நைனா மருமகனைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர்தான் முன்னே வந்தார். "காரு தரையில ஓடற சாமானுங்க. இது ப்ளேனு."

"இதுவும் தரையிலதான ஓடுது?"

பெத்தநைனா வாலுக்குப் போனார். கட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். "இது இன்னா?"

"பட்டாளத்துல ப்ளேனுக்கு ப்ளேனு ஒரு அடையாளம் வெச்சிருப்பாங்கங்க," என்றார் கரீம் பாய், கண் இமைக்காமல். பெத்தநைனாவும் நெசவாளிதான், லுங்கித் துணி தெரியாதவரா? ஆனாலும் தலையாட்டினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

குருக்கள் கற்பூரத் தட்டோடு படியிறங்கி வந்தார். விமானத்தின் மூக்கருகே வந்தவர் நின்றுவிட்டார்.

"இதென்னம்மா, துப்பாக்கியா?"

மற்ற ஊர் முருகன் கோயில்களில் ஐப்பசி சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் நடக்காது. சாமி சண்டையெல்லாம் முடித்து, கோபம் ஆறி வந்து உட்கார்ந்த மலை இது. வள்ளியைக் கட்டியதும் இங்கேதான் என்பார்கள். அதனால் அன்றைக்கு இங்கே கூடை கூடையாகப் பூவைக் கொட்டுவதோடு சரி. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கைபம்புகளைத் திருகும்போது இது தோன்றவே இல்லை. அரக்கோணத்துக்காரரான எங்கள் வீட்டுக்காரருக்கு எப்படித் தோன்றும்?

"சூரனையே கொல்லாத ஊரும்மா இது. துப்பாக்கி வச்ச வண்டிக்கு நான் எப்படிக் கற்பூரம் காட்டறது? அதுவும் கல்யாணத்துக்கு," என்றார் குருக்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

பெத்தநைனா சட்டென்று திரும்பினார். "கேட்டீங்களா? சாமி சன்னிதியிலயே வேணாங்கறாங்க. எங்க பையன் இதுல ஏற மாட்டான்."

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். எங்கள் தெருக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நைனா என் தோளைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருக்கிற புஷ்பாவை நினைத்தேன். இந்தச் சேதி அவளுக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகிவிடும்?

எனக்குக் கோபம் வந்தால்தான் புத்தி வேலை செய்யும். கோயில் சுவரில் குருக்களின் சைக்கிள் சாத்தியிருந்தது. பின் சக்கரம் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. வெற்றிலைத் தட்டை நைனா கையில் கொடுத்தேன். விமானத்தின் மூக்கருகே போய், கம்பிப் பட்டையைத் தளர்த்தி ஒரு துப்பாக்கியை உருவினேன்.

"பாய், டியூபு இருக்குதா?"

பாய்க்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. இடுப்பிலிருந்த பையிலிருந்து ரப்பர் டியூபை எடுத்துத் திருகிக் கொடுத்தார். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் குந்தி, குருக்களின் சைக்கிளுக்கு நான் காற்றடித்தேன். பம்பு பழசு, புஸ் புஸ் என்று சத்தம் போட்டது. கறுப்புப் பெயின்ட் என் கையெல்லாம் ஒட்டியது. சக்கரம் மெல்ல மெல்ல எழுந்து நின்றது.

"துப்பாக்கி இல்ல சாமி. காத்தடிக்கற பம்பு. இது யாரக் கொல்லும்?"

குருக்கள் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, தட்டிலிருந்த கற்பூரமே அணைகிற மாதிரிச் சிரித்தார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. பம்பை இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்லி, இரண்டுக்கும் மல்லிகைச் சரத்தைச் சுற்றி, புதுக் கற்பூரம் ஏற்றிக் காட்டினார்.

சிரிக்காதவர் பெத்தநைனா ஒருவர்தான். துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேகர் வேட்டியை மடித்துக் கட்டினான். யாரையும் கேட்காமல் இறக்கையில் கால் வைத்து ஏறி, விமானத்துக்குள் உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் வீட்டுக்காரர் கிக்கரை உதைத்தார். மிதிக்கட்டை விசிறி சுற்றியது. பஜார் தெருவில் கடைக்காரர்கள் தராசை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அரிசி மில்காரர் வீட்டுத் திறந்த கார் எதிரே வந்தது, எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டது. அந்தக் காரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையே எழுந்து நின்று எங்கள் விமானத்தைப் பார்த்தான். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேனா என்றால், ஆமாம், நன்றாகவே பெருமைப்பட்டேன். நைனா என் பக்கத்தில் நடந்துகொண்டே தெரியாதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு வந்தார்: "துணி எங்க பெரிய பொண்ணு நெய்ஞ்சது."

நகரி

மறுநாள் தாலி கட்டி முடிந்தது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு நகரிக்குக் கிளம்ப வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் எல்லாரோடும் பஸ்ஸில் வரட்டும் என்றார் பெத்தநைனா. அப்போதுதான் சேகர் எங்கள் எல்லார் முன்னாலும் முதல் தடவையாக வாய் திறந்தான்.

"அவ ப்ளேன்ல வரட்டும், பெத்தநைனா. நான் பைக்குல பின்னாடி குந்திக்கறேன்."

எங்கள் வீட்டுக்காரர் ஓட்ட, பின் சீட்டில் மாப்பிள்ளை, விமானத்தில் என் தங்கை. கூறைப்புடவைக்கு மேலே, தூசுக்காகக் கரீம் பாயின் வெல்டிங் கண்ணாடி. அப்படித்தான் அவள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாள். ஆந்திர எல்லை செக்போஸ்டில் காவலுக்கு இருந்தவர் கம்பத்தைத் தூக்கிவிட்டு, என்ன ஏது என்று கேட்கவே மறந்து ஒரு சல்யூட் அடித்தாராம். இவர் சொன்னது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்.

நாங்கள் பஸ்ஸில் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். பெண்ணுக்குத் துணையாக நான் போயிருந்தேன். அவர்கள் வீட்டு வாசலில் ஆரத்தி கரைத்து வைத்திருந்தார்கள். ஜன்னல் பக்கமாக இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. பெண் கறுப்பாமே என்று ஒருத்தி கேட்டாள். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது, பெண் வீட்டாள் அல்லவா.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் பவர்லூம் கொட்டகைகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தத் தெருவில் பகலில் தறிச் சத்தம் நிற்பதே கிடையாது என்று பிற்பாடு சொன்னார்கள். ஆண், பெண், கைக்குழந்தை அத்தனை பேரும் ரோட்டில். பச்சை உடம்பும் ஊதாக் கட்டம் போட்ட வாலுமாக என் விமானம் உள்ளே நுழைந்தது, நுழைந்த இடத்திலேயே கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஹாரன் அடித்தும் யாரும் நகரவில்லை.

என் பக்கத்தில் நின்றிருந்த பெத்தநைனா செருப்பைக்கூட மாட்டவில்லை. துண்டை வீசிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார். இடுப்பளவு பிள்ளைகளையும் தன் வயசு மனிதர்களையும் ஒரே மாதிரி விலக்கித் தள்ளிக்கொண்டு, தெருக்கோடிவரை கேட்கும்படி தெலுங்கில் கத்தினார்.

"தப்புகோண்டி! தப்புகோண்டி! மா கோடலு ஒஸ்தோந்தி!"

விலகுங்கள், எங்கள் மருமகள் வருகிறாள் என்று. மாப்பிள்ளை வருகிறான் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. ஜன்னலோரத்து இரண்டு பெண்களும் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்கள், பார்ப்பதற்கு.

வண்டி வாசலுக்கு வந்து நின்றது. சேகர் இறங்கி நின்றான். பெத்தநைனா மூச்சு வாங்கிக்கொண்டே புஷ்பா இறங்குவதற்குக் கை நீட்டினார். ஆரத்தித் தட்டு எடுத்த பெண்களோடு நானும் ஓரடி முன்னால் போனேன்.

அவள் இறங்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளினாள். முகமெல்லாம் ரோட்டுத் தூசி. என்னைப் பார்த்தாள், பிறகு தெருவைப் பார்த்தாள். இறக்கையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, தலையை நன்றாக நிமிர்த்தி, அத்தனை பேரும் பார்த்து முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.